ஏழு நாளும் மேலும் ஏழு நாளும்



இம்மடலை வாசிக்கும் குடும்பங்களில், துபாயிலோ குவைத்திலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் ஒரு பிள்ளையாவது உள்ள வீடுகள் பல. விடுமுறைக்கு அவர்கள் வரும் நாளை எண்ணிக்கொண்டு காத்திருக்கிறோம். ஆகையால் இம்மாதப் பாடத்திற்கு ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். கொள்ளைநோய்க் காலத்தில் வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர் சில நாள் தனித்திருக்க வேண்டும், சோதனை செய்துகொள்ள வேண்டும் என்ற விதி எதற்கு? அதை முழுமையாகக் கைக்கொள்வதால் யாருக்கு நன்மை?

கோவிட் காலத்துப் பயண விதிகள் இப்பொழுது நடைமுறையில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அந்த நோயின் உலகளாவிய அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. முடிந்துபோனதை இப்பொழுது ஏன் படிக்க வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். வெள்ளம் வடிந்த பிறகுதான் ஏரிக்கரையைப் பலப்படுத்த முடியும். பயம் நீங்கிய காலத்தில் கற்றுக்கொள்வதே மனதில் நிற்கும்.

ஒரு சொல்லின் வரலாறு

1377ஆம் ஆண்டு, ஏட்ரியாட்டிக் கடலோரத்திலிருந்த ரகூசா என்னும் துறைமுக நகரம் ஒரு சட்டம் இயற்றியது. இன்றைய குரோவேஷியா நாட்டின் துப்ரோவ்னிக் நகரமே அது. பிளேக் நோய் பரவியிருந்த ஊர்களிலிருந்து வருகிறவர்கள் நகரத்துக்குள் நுழையுமுன் அருகிலுள்ள ஒரு தீவிலோ சிற்றூரிலோ 30 நாள் தங்கியிருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். பிற்காலத்தில் இக்காலம் 40 நாளாயிற்று. நாற்பது என்பதற்கான இத்தாலியச் சொல்லிலிருந்துதான் ‘குவாரண்டைன்’ என்ற வார்த்தை பிறந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரகூசா வாணிபத்தால் வாழ்ந்த நகரம். துறைமுகத்தை அடைத்துவிட்டால் ஊர் பட்டினி கிடக்கும்; எல்லாரையும் அப்படியே உள்ளே விட்டால் ஊர் செத்துப்போகும். இவ்விரண்டுக்கும் நடுவே அவர்கள் கண்ட வழியே காத்திருப்பு. கதவை அடைப்பதற்குப் பதிலாக, கதவருகே சில நாள் தங்கச் சொன்னார்கள். ஆகவே குவாரண்டைன் என்பது கதவைத் திறந்து வைப்பதற்கான ஏற்பாடாகவே தோன்றியது.

நம் மண்ணிலும் இதற்குச் சாட்சி உண்டு. இராமேசுவரம் செல்லும் வழியிலுள்ள மண்டபத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் தமிழ்த் தொழிலாளர்களை நிறுத்தி வைத்துக் கண்காணிக்க, ஆங்கிலேயர் காலத்தில் இலங்கை அரசே ஒரு முகாம் நடத்தியது. அந்த நாள்களைக் கழித்த பின்னரே அவர்கள் கப்பலேறினார்கள். பிற்காலத்தில் அதே இடம் இலங்கைத் தமிழ் அகதிகளின் முகாமாயிற்று.

லேவியராகமம் 13ஆம் அதிகாரம்

திருமறையை வாசிக்கிறவர்களுக்கு இந்த முறை புதியதல்ல. லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தில், தோலில் சந்தேகமான அடையாளம் கண்ட ஒருவரை ஆசாரியர் ஏழு நாள் தனியே வைக்கிறார். ஏழாம் நாளில் மறுபடியும் பார்க்கிறார். அது பரவாதிருந்தால் மேலும் ஏழு நாள் வைத்து இரண்டாம் முறை பார்க்கிறார். அங்கே சொல்லப்பட்ட நோயையும் இன்று நாம் தொழுநோய் என்று அழைப்பதையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. இவை வேறு வேறு என்றே அறிஞர் பலர் கருதுகின்றனர். அங்குள்ள ஒழுங்குமுறையே நம் பாடத்துக்கு வேண்டியது.

அதில் மூன்று படிகள் உள்ளன. சந்தேகத்துக்குரியவரை உடனே நோயாளி என்று தீர்க்கவில்லை. உடனே சுகமானவர் என்றும் சொல்லவில்லை. ஒரே பார்வையில் முடிவு செய்யாமல் நாள் கொடுத்து மறுபடி பார்த்தார்கள். பரவாதிருந்தால், அவர் சுத்தமானவர் என்று ஆசாரியரே அறிவித்து அவரைச் சமூகத்திடம் ஒப்படைத்தார். தனித்து வைத்த கையே திரும்ப அழைத்துக்கொண்டது.

சோதனை சொல்வதும் சொல்லாததும்

“கையில் நெகட்டிவ் சான்றிதழ் இருக்கிறதே, இன்னும் எதற்கு அறைக்குள் கிடக்க வேண்டும்?” 2020, 2021ஆம் ஆண்டுகளில் பலரும் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். விடையை மருத்துவம் தருகிறது.

ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த சளியில் வைரஸின் மரபுப்பொருளைத் தேடுகிறது. தொற்று ஏற்பட்ட முதல் நாள்களில் அது கண்டுபிடிக்கும் அளவுக்குப் பெருகியிருப்பதில்லை. விதைத்த அன்றே வயலில் இறங்கி முளையைத் தேடுவதுபோல்தான். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட கணிப்பின்படி, தொற்று ஏற்பட்ட 4ஆம் நாளில் சோதனை செய்தால் 100 பேரில் சுமார் 67 பேரை அது தவறவிடும். 5ஆம் நாளில் 38 பேரை. 8ஆம் நாளில் 20 பேரை. மிகச் சிறந்த நாளிலும் ஐந்தில் ஒருவர் தப்பிவிடுகிறார்.

இதனுடன் வேறு இரண்டு உண்மைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதலாவது, அந்த ஆண்டில் பரவிய வகையில், தொற்றிலிருந்து அறிகுறி தோன்ற நடுத்தரமாக 5 நாள் ஆயிற்று. அறிகுறி காண்பவர்களில் 97.5 விழுக்காட்டினருக்கு 11.5 நாளுக்குள் அது வெளிப்பட்டது. 14 நாள் என்ற கணக்கு இதற்குப் பொருந்துவதைக் காணலாம். இரண்டாவது, காய்ச்சலோ இருமலோ வருவதற்கு ஏறக்குறைய இரண்டு நாள் முன்பே ஒருவர் பிறருக்கு நோயைக் கொடுக்கக்கூடியவராகிறார். “எனக்கு ஒன்றுமில்லை” என்று அவர் உண்மையாகவே நம்பும் வேளையில் அது நடக்கிறது.

2021 நவம்பரில் பெங்களூருக்கு வந்த ஒரு வெளிநாட்டுப் பயணியிடம் நெகட்டிவ் சான்றிதழ் இருந்தது. வந்திறங்கியபோது செய்த சோதனையில் பாசிட்டிவ் என்று தெரிந்தது. இந்தியாவில் ஒமைக்ரான் வகை கண்டறியப்பட்டதாக டிசம்பர் 2 அன்று அறிவிக்கப்பட்ட முதல் இருவரில் அவர் ஒருவர். சான்றிதழ் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது எடுத்த நாளைப் பற்றி மட்டுமே பேசும். நாளையைப் பற்றிப் பேசாது.

எனவே சோதனையும் நாள்களும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல, ஒன்றுக்கொன்று துணை. 2021 டிசம்பர் 1 முதல், ஆபத்துள்ள நாடுகள் என்று குறிக்கப்பட்ட இடங்களிலிருந்து இந்தியாவுக்கு வந்தவர்கள் விமான நிலையத்திலேயே சோதனை செய்து, முடிவு வரும்வரை காத்திருந்து, 7 நாள் வீட்டில் தனித்திருந்து, 8ஆம் நாள் மறு சோதனை செய்து, மேலும் 7 நாள் தங்களைத் தாங்களே கவனிக்க வேண்டியிருந்தது. லேவியராகமத்தின் ஏழும் ஏழும் நினைவுக்கு வருகிறதல்லவா?

கேரளம் கற்றுத் தந்தது

2020 ஜனவரி 30 அன்று இந்தியாவின் முதல் கோவிட் நோயாளி கேரளத்தில் கண்டறியப்பட்டார். சீனாவின் ஊகான் நகரில் மருத்துவம் படித்துவிட்டு ஊர் திரும்பிய மாணவி அவர். அடுத்த சில நாள்களில் அங்கிருந்தே திரும்பிய வேறு இருவருக்கும் நோய் உறுதியானது. சீனாவிலிருந்து வந்தவர்கள் 28 நாள் வீட்டில் தனித்திருந்து, உடல்நலக் குறைவு தோன்றினால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று அரசு கேட்டிருந்தது. மூவரும் குணமானார்கள். அவர்களிடமிருந்து வேறு யாருக்கும் நோய் பரவவில்லை.

அடுத்த மாதத்தில் நிலைமை மாறியது. இத்தாலியிலிருந்து திரும்பிய ஒரு குடும்பத்தின் பயண விவரம் சுகாதாரத் துறைக்குத் தாமதமாகவே தெரியவந்தது. மார்ச் 8 அன்று, அவர்களோடு உறவினர் இருவருக்கும் சேர்த்து ஐந்து பேருக்கு நோய் உறுதியானது. அவர்கள் சென்ற இடங்களையும் நேரங்களையும் மாவட்ட நிர்வாகம் அட்டவணையாக வெளியிட்டு, நூற்றுக்கணக்கானோரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. யார்மேல் தவறு என்ற வழக்கு நமக்கு வேண்டாம். ஒரு தேதியும் ஓர் ஊர்ப்பெயரும் முதல் நாளே தெரிந்திருப்பதற்கும் ஒரு வாரம் கழித்துத் தெரிவதற்கும் உள்ள தூரத்தை மட்டும் அளந்து பார்ப்போம்.

அந்த மார்ச் மாதமே இந்தியா பயணிகள் பன்னாட்டு விமானங்களை அடியோடு நிறுத்திற்று. வளைகுடாவில் வேலை இழந்தவர்கள், பிரசவ நாள் நெருங்கிய பெண்கள், பெற்றோரின் அடக்கத்துக்கு வர முடியாத பிள்ளைகள் எல்லாரும் அங்கேயே நின்றுவிட்டார்கள். மே 7 அன்று ‘வந்தே பாரத்’ விமானங்களின் வழியாக வாசல் மறுபடி திறந்தது. எந்த நிபந்தனையின்பேரில்? தனித்திருக்கச் சம்மதித்தால். மே மாத இறுதியில் அது 7 நாள் முகாமிலோ விடுதியிலோ, பின்பு 7 நாள் வீட்டிலோ என்று வகுக்கப்பட்டது. கர்ப்பிணிகளுக்கும், குடும்பத்தில் மரணம் நேர்ந்தவர்களுக்கும், கடும் நோயாளிகளுக்கும், சிறு பிள்ளைகளோடு வந்தவர்களுக்கும் 14 நாளையும் வீட்டிலேயே கழிக்க இடமிருந்தது.

ரகூசாவின் பாடம் இங்கே மறுபடியும் வருகிறது. விதியை ஒருவர் ஏய்த்தால், அடுத்த விமானத்தில் வரக் காத்திருப்பவரின் முகத்தில் கதவு சாத்தப்படுகிறது. விதியை ஒருவர் நிறைவேற்றினால், முகம் அறியாத ஒரு தாய் தன் வீடு வந்து சேருகிறாள்.

நாம் செய்யத்தக்கவை

இனி ஒரு கொள்ளைநோய் வந்தால் நாள்களின் எண்ணிக்கை வேறாக இருக்கலாம்; நோய்க்கு நோய் அது மாறும். ஆகிலும் பின்வருபவை மாறமாட்டா.

1. பயணத் தேதியையும், தங்கிய நாடுகளையும், இடையில் விமானம் மாறிய ஊரையும் கேட்கிறவருக்கு உள்ளபடி சொல்ல வேண்டும்.

2. நாள் கணக்கை அந்தந்தக் காலத்து விதி சொல்லும் நாளிலிருந்து எண்ண வேண்டும். முடிவு நெகட்டிவ் என்றாலும் மீதி நாள்களை நிறைவு செய்ய வேண்டும்.

3. தனி அறை, முடிந்தால் தனிக் கழிப்பறை, திறந்த சன்னல் இவை வேண்டும். முதியோரும் நோயாளிகளும் உள்ள சிறிய வீடானால், அரசு முகாமே அன்பான தெரிவு.

4. திருமணம், அடக்கம், ஆலய ஆராதனை எதுவானாலும் அந்த நாள்களில் போகலாகாது. “தலை காட்டிவிட்டு வருகிறேன்” என்ற ஐந்து நிமிடமும் கூட்டமே.

5. மருத்துவமனைக்கு வர நேர்ந்தால், முதலில் தொலைபேசியில் பயணத்தைத் தெரிவிக்க வேண்டும். எங்களைப் போன்ற மருத்துவமனைகளில், பதிவு மேஜைக்குச் சில அடி தூரத்திலேயே டயாலிசிஸ் நோயாளிகளும், புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்பவர்களும், குறைமாதக் குழந்தைகளும் இருக்கிறார்கள். அங்கே மறைக்கப்படும் ஒரு வார்த்தை ஒரு வார்டையே மூடச் செய்யும்.

வெளியே இருப்பவர்களின் பங்கு

தனித்திருப்பவர் மட்டும் கடமை செய்தால் போதாது. கூலி வேலையை இழந்து வந்தவருக்குப் பதினான்கு நாள் என்பது பதினான்கு நாள் வருமானம். மளிகையும் மருந்தும் வாசலில் வைத்துவிட்டு அழைப்பு மணியை அடிக்க ஒருவர் வேண்டும். தினமும் தொலைபேசியில் பேச ஒருவர் வேண்டும். அவரைக் குற்றவாளியாகப் பார்க்கும் கண்தான் அடுத்தவரைப் பயணத்தை மறைக்கத் தூண்டுகிறது. நோயாளிகளின் வீட்டுக் கதவில் அறிவிப்பு ஒட்டும் வழக்கத்தைப் பற்றிய வழக்கில், உரிய அதிகாரி சட்டப்படி ஆணையிட்டாலன்றி அப்படி ஒட்டலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 9 அன்று கூறியதை இங்கே நினைவுகூரலாம்.

எண்ணாகமம் 12ஆம் அதிகாரத்தில் மிரியாம் ஏழு நாள் பாளயத்துக்குப் புறம்பே இருந்தாள். அவள் வழக்கு வேறு. வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர் எந்தத் தண்டனையின்கீழும் இல்லை. ஆனால் அவள் திரும்பி வரும்வரை ஜனங்கள் அனைவரும் பயணம் புறப்படாமல் இருந்தார்கள். ஒருவர் தனித்திருக்கையில் ஊர் அவருக்காகக் காத்திருந்தால், அந்த நாள்கள் எவருக்கும் பாரமாயிரா.

குழுவாகச் சிந்திக்க

1. நம் தெருவில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் திரும்பித் தனித்திருக்க நேர்ந்தால், அவருக்குத் தேவையானவற்றை யார், எப்படிக் கொண்டுசேர்ப்போம்?

2. ‘நெகட்டிவ்’ என்ற முடிவு வந்த பிறகும் நாள்களை நிறைவு செய்ய வேண்டியதன் காரணத்தை, பள்ளிப் பிள்ளை ஒருவருக்குப் புரியும்படி எப்படிச் சொல்வோம்?

3. உண்மையைச் சொன்ன பயணியை நம் ஊர் எவ்விதம் நடத்தியது? இனி எவ்விதம் நடத்த வேண்டும்?