கெலா மீன்பிடிக்க ஆற்றுக்கு ஆள் அமர்த்துவது: புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

குளிர்நாட்டு ஆறுகளில் டிரவுட் பிடிக்கப் போகிறவர்கள் ஆற்றோர ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அமர்த்திக்கொள்வார்கள். நம் மலேசியக் காட்டாறுகளில் டிரவுட்டின் இடத்தில் இருப்பது கெலா. காவிரியின் மகசீருக்கு நெருங்கிய உறவு. பெரிய செதில், தெளிந்து ஓடும் நீரை விட்டு நகராத சுபாவம், தூண்டிலைக் கவ்வியதும் பாறைக்கடியை நோக்கிப் பாயும் வேகம். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இருந்துகொண்டு கட்டணக் குளங்களில் தூண்டில் பழகியவர்களுக்கு ஒருநாள் கெலா மேல் ஆசை வந்துவிடும். அப்போது தனியாகக் கிளம்பாதீர்கள். மீன் இருக்கும் இடம் தெரியாது என்பது சின்னக் குறை. தண்ணீரின் போக்கு தெரியாது என்பதுதான் உயிருக்கு ஆபத்து.

1. ஆற்றைத் தேர்ந்தெடுங்கள்

முதல் பயணத்துக்கு நான் சொல்வது பகாங்கின் தாமான் நெகாரா. 4,343 சதுர கிலோமீட்டர் காடு. பகாங், கிளந்தான், திரங்கானு மூன்று மாநிலங்களிலும் பரந்து கிடக்கிறது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து காராக் நெடுஞ்சாலை பிடித்து, தெமர்லோ, ஜெராண்டுட் வழியாகக் கோலா தஹான் போய்ச் சேர காரில் நான்கு மணி நேரம் ஆகலாம். அங்கிருந்து தெம்பெலிங் ஆற்றில் நீளப் படகில் மேலே போனால் கெனியாம், பெர்காய் பக்கம் தூண்டில்காரர்கள் காலங்காலமாகப் போகும் இடங்கள். தஹான் ஆற்றின் லுபுக் தெனோர் கெலா சரணாலயம். அங்கே மீனைப் பார்க்கலாம், பிடிக்கக் கூடாது.

பேராக்கின் ராயல் பெலும், திரங்கானுவின் கென்யிர் ஏரி இரண்டும் அருமையான இடங்கள்தான். ஆனால் ஏரியைக் கடந்து ஆற்றுவாய்க்குப் போகவே படகில் வெகுநேரம் ஆகும். இரண்டாவது, மூன்றாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கெலா எப்படியிருக்கும் என்று முன்கூட்டியே பார்க்க ஆசையா? கோலா குபு பாரு அருகே சுங்கை சிலிங் மீன் சரணாலயம் இருக்கிறது. தூண்டிலுக்கு இடமில்லை. திறந்திருக்கும் நாளை விசாரித்துவிட்டுப் போங்கள்.

2. தீபாவளி விடுமுறையில் வேண்டாம்

நம்மவர்கள் செய்யும் தவறு இதுதான். குடும்பமாக விடுமுறை கிடைப்பது தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும். ஆனால் வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கிவிடுகிறது. ஜனவரி வரை ஆறு கலங்கிப் பெருகி ஓடும். கெலாவுக்குத் தெளிந்த நீர் வேண்டும். மார்ச் முதல் செப்டம்பர் வரை பார்த்து நாள் குறியுங்கள். ரமலான் மாதத்தையும் ஹரி ராயாவையும் தவிர்த்தால் படகுக்காரருக்கும் நல்லது.

3. ஆளைத் தேடுங்கள்

பணம் வாங்கிக்கொண்டு சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் செல்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்கிறது 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டம். இயற்கைப் பகுதிகளுக்கான வழிகாட்டிகளுக்குப் பச்சை அட்டை கொடுக்கப்படுகிறது. அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. படகோட்டி வேறு, வழிகாட்டி வேறு என்பதையும் கவனியுங்கள். சில பயணங்களில் இரண்டு பேரும் வேண்டும்.

தொலைபேசியில் பேசும்போது எத்தனை கிலோ மீன் பிடித்திருக்கிறார் என்று ஆரம்பிக்காதீர்கள். படம் எல்லோரிடமும் இருக்கும். இப்படிக் கேளுங்கள்: "அபாங் (அண்ணே), கெப்பாலா ஆயர் வந்தால் என்ன செய்வீர்கள்?"

மேல்மலையில் பெய்த மழை, நாம் நிற்கும் இடத்தில் வானம் வெளுத்திருக்கும்போதே, திடீர் வெள்ளமாக இறங்கி வருவதைத்தான் மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்கிறார்கள். நீர் சட்டென்று கலங்கும். சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வரும். இரைச்சல் கூடும். அந்தக் கணமே கரையேறி உயரத்துக்குப் போக வேண்டும், சாமான் கிடக்கட்டும். நல்ல வழிகாட்டி இந்த அடையாளங்களைச் சொல்வார், மணல் திட்டில் கூடாரம் போட விடமாட்டார், எந்த வழியாக ஏறி ஓடுவது என்று முதலிலேயே காட்டுவார். "அதெல்லாம் பயப்பட வேண்டாம்" என்று சிரித்து மழுப்புகிறவரை விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. எல்லோருக்கும் உயிர்காப்பு ஜாக்கெட் உண்டா, கைத்தொலைபேசிக்கு லைன் கிடைக்காத இடத்தில் அவசரச் செய்தி எப்படிப் போகும் என்பதும் அதே பேச்சில் தெரிந்துகொள்ள வேண்டியவை.

4. பணம், பெர்மிட்

செலவில் பெரும்பகுதி படகும் எண்ணெயும். வாடகை வழக்கமாகப் படகுக்குத்தான், தலைக்கு அல்ல; ஆகவே மூன்று நான்கு பேர் சேர்ந்து போனால் தாங்கும். எண்ணெய், சாப்பாடு, கூடாரம், வழிகாட்டியின் கூலி எதெல்லாம் விலைக்குள் அடக்கம், மழையால் பயணம் நின்றால் முன்பணம் என்னவாகும் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் படகுத்துறையில் மனஸ்தாபம் வரும்.

பூங்காவுக்குள் நுழைய ஒரு அனுமதி, மீன்பிடிக்கத் தனி அனுமதி. பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையின் கோலா தஹான் அலுவலகத்தில் விசாரியுங்கள். எந்தக் கிளையாறு இப்போது திறந்திருக்கிறது என்பதையும் அங்கேயே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

5. சாமான்

நடுத்தர ஸ்பின்னிங் கம்பும் பின்னல் நரம்பும் போதும். கெலாவுக்குப் புகழ்பெற்ற இரை செம்பனைப் பழம். கரண்டி வடிவச் செயற்கை இரை போட்டால் செபராவ் என்ற மீன் தாக்கும்; ஆரம்பக்காரருக்கு முதலில் கிடைக்கக்கூடியதும் அதுதான். கொக்கியின் முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். வழுக்காத காலணி, அட்டைக்கு நீளக் காலுறை, மாற்றுத் துணிக்கு நீர் புகாத பை. காலில் வெட்டுக்காயம் இருந்தால் மூடிக் கட்டுங்கள். எலிக்காய்ச்சல் ஆற்று நீரிலும் தொற்றும்.

சாப்பாட்டை நீங்கள் கொண்டுபோவதாக இருந்தால் படகுக்காரரும் சேர்ந்து உண்ணக்கூடியதாகப் பாருங்கள். பன்றி இறைச்சி, பீர் வேண்டாம்.

6. ஆற்றில்

வயதானவரைப் பாக் என்றும் மற்றவரை அபாங் என்றும் அழையுங்கள். அவர் கை காட்டும் இடத்தில் நில்லுங்கள், எழுந்திருக்கச் சொல்லும்வரை படகில் எழாதீர்கள். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தைக் கணக்கில் வைத்துப் புறப்படும் மணியைப் பேசிக்கொள்ளலாம்.

கெலா மெதுவாக வளரும் மீன். ஆறுகளில் அது குறைந்துபோனதால்தான் சரணாலயங்கள் வந்தன. பிடிபட்டால் கையை நனைத்துக்கொண்டு, நீருக்குள்ளேயே தாங்கி, கொக்கியைக் கழற்றி, தலையை நீரோட்டத்துக்கு எதிரே பிடியுங்கள். அது தானாக உதறிக்கொண்டு போகும்வரை விடாதீர்கள். விட்டுவிடப் போகிறோம் என்பதை அமர்த்தும்போதே வழிகாட்டியிடம் சொல்லிவிட வேண்டும். சிலர் சமைக்கத் தயாராக வருவார்கள்.

7. திரும்பும்போது

மீன் கிடைக்காவிட்டாலும் பேசிய கூலியை முழுதாகக் கொடுங்கள். ஆற்றைப் பார்த்து, "இன்று வேண்டாம், திரும்பலாம்" என்று படகைத் திருப்பியவராக இருந்தால் மேலே சில வெள்ளியும் சேர்த்துக் கொடுத்து, அடுத்த பயணத்துக்கும் அவரையே கேளுங்கள்.