நின்றுபோன ஜீப்பைச் சிக்கனமாகச் செப்பனிடுதல்: ஒரு பாடம்

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே, மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருக்கும் அங்கத்தினர்கள் நன்கறிந்த துன்பம் ஒன்றுண்டு. விளைச்சலைக் காட்டிலும், விளைந்ததைத் தார்ச்சாலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே பெரும்பாடு. சப்பட்டையும் பஞ்சவர்ணமும் வண்டி வரும்வரை பழுக்காமல் காத்திருப்பதில்லை. கோடை மழை ஒன்று பெய்து ஓடையில் நீர் வந்துவிட்டால், சிறு லாரி அக்கரைக்கு இறங்காது. மாட்டு வண்டிகளோ அருகிவிட்டன. இந்நிலையில், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் பழைய ஜீப் ஒன்றைச் சிலர் கூடி வாங்கலாமா என்று அங்கத்தினர் கேட்பது இயல்பே. அக்கேள்விக்கு விடையாக இப்பாடத்தை எழுதுகிறோம்.

நெசவாளர் அங்கத்தினர்கள், இது தோட்டக்காரர் சங்கதி என்று பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம். ஓராண்டு ஓடாமல் நின்ற தறியை மறுபடி ஓட்டுவதற்கு முன் அவர்கள் என்ன செய்கிறார்கள்? எலி கடித்த விழுதைப் பார்க்கிறார்கள். அச்சுப் பல்லில் ஏறிய துருவைத் துடைக்கிறார்கள். அதன் பின்னரே பாவு பூட்டுகிறார்கள். வண்டிக்கும் முறை அதுவே. உழைத்துத் தேய்ந்த பொறியைவிட, உழைக்காமல் நின்ற பொறியே அதிகம் கெட்டிருக்கும்.

ஜீப் இரண்டாம் உலகப் போரின் தேவைக்காகப் பிறந்த வண்டி. வில்லிஸ் நிறுவனம் அதனை 1941 முதல் பெருமளவில் செய்தது. போர் முடிந்த 1945-ஆம் ஆண்டிலேயே, உழவர்களை மனத்தில் கொண்டு பொதுமக்களுக்கான ஜீப்பை வெளியிட்டது. அதே 1945-இல் தொடங்கி, 1948-இல் இன்றைய பெயரைப் பெற்ற மகிந்திரா அண்டு மகிந்திரா நிறுவனம், 1947 முதல் நம் நாட்டில் ஜீப்பைப் பொருத்தி விற்கலாயிற்று. பிற்காலத்தில் டீசல் என்ஜின் பூட்டிய ஜீப்புகள் நாடெங்கும் பரவின. ஆகவே பழைய ஜீப்பின் உதிரிப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. அதன் அமைப்பு சிற்றூர்ப் பட்டறைக்காரருக்கும் தெரிந்ததே. ஏழையின் கைக்கு அது ஏற்றதாக இருப்பதன் காரணம் இதுதான்.

இனி, நாம் செய்த ஒரு தவற்றைக் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன் நாமும் தோப்புக்காரர் சிலரும் கூடி, புளியமரத்தடியில் நான்காண்டு நின்றிருந்த ஜீப் ஒன்றை வாங்கினோம். இருந்த பணத்தில் முதலில் என்ஜினைப் பார்த்தோம். அடுத்து வர்ணம் பூசினோம். புதிய படுதா போட்டோம். பிரேக்கை மிதித்தால் வண்டி நின்றது. அதுவே போதும் என்றிருந்துவிட்டோம். மூன்றாம் வாரம், காய்க் கூடைகளுடன் சரிவில் இறங்கும்போது பிரேக் மிதி தரைவரை போய்விட்டது. ஓட்டியவர் சமயோசிதமாக வண்டியை மண்வரப்பில் மோதி நிறுத்தினார். அவருடைய முழங்கால் முறிந்தது. பின்னால் இருவர் கூடைமேல் உட்கார்ந்திருந்தனர். அவர்கள் உயிர் தப்பியது தெய்வாதீனம். பிரித்துப் பார்த்தபோது, ஒரு வீல் சிலிண்டரின் ரப்பர் கப் நைந்து எண்ணெய் முழுவதும் வெளியேறியிருந்தது. படுதாவுக்குச் செலவிட்ட தொகையில் சொற்பமே இருந்தால் அந்தக் கப்புகளை எல்லாம் மாற்றியிருக்கலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். வடம் பிடிப்போர் ஆயிரக்கணக்கில் இருப்பர். ஆனால் சக்கரத்தடியில் கட்டை போடுவோர் ஆயத்தமாக நில்லாமல் தேர் நகருவதில்லை. பழைய வண்டியைச் செப்பனிடும் முறையும் அப்படியே அமைய வேண்டும். முதலில் நிற்க வேண்டும், பிறகு திரும்ப வேண்டும், அதன் பிறகு ஓட வேண்டும், அழகு கடைசியில்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதற்கண் காகிதங்களைப் பார்க்க வேண்டும். பதிவுச் சான்றிலுள்ள சாசி எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்த எண்களுடன் ஒத்திருக்க வேண்டும். கடன் பாக்கி இருப்பின், கடன் கொடுத்தவரிடமிருந்து 35-ஆம் படிவத்தில் விடுதலை பெற வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30-ஆம் படிவங்கள் தேவை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பின்னர் தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அரசுக்குச் சொந்தமான வண்டிகள் 15 ஆண்டு கடந்தால், 2023 ஏப்ரல் முதல் அவற்றின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. ஆகவே அரசு ஜீப் மலிவாக வருகிறது என்று யாரேனும் சொன்னால் இருமுறை யோசிக்க வேண்டும்.

அடுத்து சாசியைப் பார்க்க வேண்டும். சிறு சுத்தியலால் அதனை நெடுகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீரென்று ஒலித்தால் இரும்பு நலமாக உள்ளது. மந்தமாக ஒலித்தால் உள்ளே துரு அரித்திருக்கிறது. சக்கரத்தின் பட்டைகள் பூட்டப்பட்ட இடத்திலும், ஸ்டியரிங் பெட்டி பூட்டப்பட்ட இடத்திலும் விரிசல் உண்டா என்று நன்றாகத் தேட வேண்டும். காகிதம் சரியில்லை, அல்லது சாசி சரியில்லை என்றால், எவ்வளவு மலிவாயினும் அந்த வண்டி வேண்டாம். மற்றவை யாவும் மாற்றக் கூடியவை.

நிறுத்தும் சக்தி

நின்ற வண்டியின் பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. அந்த ஈரமே சிலிண்டரின் உட்புறத்தைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு ரப்பர் கப்பை அறுக்கிறது. ஆகவே மாஸ்டர் சிலிண்டரையும் நான்கு வீல் சிலிண்டர்களையும் பிரித்துக் கப்புகளை மாற்ற வேண்டும். உட்புறம் குழிவிழுந்திருந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். ரப்பர்க் குழாய்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போடுவது நலம். பிரேக் ஷூவில் கியர் எண்ணெய் கசிந்து ஊறியிருந்தால் அதைக் கழுவிப் பயன்படுத்தலாகாது. கசியும் சீலை மாற்றிவிட்டு, புதிய லைனிங் ஒட்ட வேண்டும். பின்னர் மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகக் காற்று எடுக்க வேண்டும். இறுதியாக மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். மிதி மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு உண்டு, வண்டியை எடுக்கலாகாது.

மிகப் பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய் வழிதான் உண்டு. ஓரிடத்தில் அறுந்தால் நான்கும் போயின. எனவே கைப்பிரேக் ஆபத்துக்குத் துணை. அது சரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்தியே தீர வேண்டும்.

திருப்பும் சக்தி

முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்கோ கிங்பின்னோ தேய்ந்துள்ளது. பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராட் முனைகளைப் பார்க்க வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். கட்டைகள் ஆழமாக இருந்தாலும், நெடுங்காலம் வெயிலில் நின்று வெடிப்புக் கண்ட டயரை நம்பலாகாது.

ஓட்டும் சக்தி

நெடுநாள் நின்ற என்ஜினை உடனே சாவி போட்டுச் சுழற்றுவது பெருந்தவறு. டீசல் நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரவு ஊறவிட வேண்டும். மறுநாள் முன்புறக் கப்பியில் ஸ்பானர் கொடுத்துக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். தடையின்றிச் சுழன்றால் பாதிக் கவலை தீர்ந்தது. பழைய எண்ணெயை வடித்து, வடிகட்டியுடன் மாற்ற வேண்டும். வடித்த எண்ணெய் பால் கலந்தது போலிருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது. காரணம் கண்டறியாமல் மேலே செல்லலாகாது. டீசல் தொட்டியின் அடியில் நீரும் கசடும் தங்கியிருக்கும். தொட்டியை இறக்கிக் கழுவி, டீசல் வடிகட்டியை மாற்றி, குழாயில் காற்று எடுக்க வேண்டும். மலையடிவாரத் தோப்புகளில் எலியும் அணிலும் வயர்களைக் கடித்திருக்கும். காற்று வடிகட்டிக்குள் கூடு கட்டியிருப்பதும் உண்டு. என்ஜின் ஓடத் தொடங்கியதும் எண்ணெய் அழுத்த முள்ளைப் பார்க்க வேண்டும். சில வினாடிகளில் முள் எழவில்லையெனில் உடனே நிறுத்திவிட வேண்டும்.

நான்கு சக்கர விசையைச் சேறு, மணல், ஓடை ஆகிய இடங்களில் மட்டுமே போட வேண்டும். வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒரே தூரம் உருளுவதில்லை. ஈரமண்ணில் சக்கரம் வழுக்கி அவ்வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. அந்த முறுக்கமெல்லாம் பற்சக்கரங்களில் ஏறி அவற்றை உடைக்கும். ஓடையைக் கடப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். சூடேறிய ஆக்சில் குளிர்நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. மூச்சுத்துளை அடைபட்டிருந்தால், சீல் வழியே நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். துளையைச் சுத்தமாக வைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

பணமும் பொறுப்பும்

கையிலுள்ள தொகை முழுவதையும் வண்டி வாங்குவதில் செலவிடலாகாது. நம் அனுபவத்தில், வாங்கும் விலைக்குச் சமமான தொகை செப்பனிடவும் வேண்டியிருக்கிறது. அதிலும் நாலில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கென்று தனியே வைக்க வேண்டும். கதவு, இருக்கை, கியர் பாக்ஸ் கூடு போன்றவற்றைக் காயலான் கடையில் வாங்கலாம். பிரேக் கப், பிரேக் குழாய், டை ராட் முனை, டயர் ஆகிய நான்கையும் பழையதாக வாங்கலாகாது. உயிருக்குக் காவலான பொருளில் சிக்கனம் செய்வது சிக்கனமன்று.

கூட்டாக வாங்கிய வண்டிக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருத்தல் வேண்டும். பலருக்குச் சொந்தமானது யாருக்கும் பொறுப்பில்லாததாகிவிடுவதே கூட்டு முயற்சிகளின் பழைய நோய். வண்டியில் ஒரு குறிப்பேடு தொங்கட்டும். எடுத்துச் செல்பவர் தேதி, கிலோமீட்டர், ஊற்றிய டீசல், கேட்ட புதுச் சத்தம் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு தொகை தேய்மான நிதியில் சேர வேண்டும். வாரந்தோறும் பிரேக் எண்ணெய், என்ஜின் எண்ணெய், ரேடியேட்டர் நீர், டயர்க் காற்று ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மாதந்தோறும் கிரீஸ் நிப்பிள்கள் அனைத்திலும் கிரீஸ் ஏற்ற வேண்டும். பிரேக் எண்ணெயை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சுமைமேல் ஆட்களை ஏற்றலாகாது. வடித்த கழிவெண்ணெயை ஓடையில் கொட்டலாகாது. நம் தோப்புகளுக்கு மேலுள்ள காடு 1988-இல் சாம்பல் அணில் சரணாலயமாகவும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து வரும் நீரே நம் கிணறுகளுக்கு ஊற்று.

நாம் வாங்கிய ஜீப் இன்றும் ஓடுகிறது. அதன் வர்ணம் மங்கிவிட்டது, பிரேக் மங்கவில்லை. முழங்கால் முறிந்த நண்பரே இப்போது அதன் பொறுப்பாளர். குறிப்பேட்டில் கையொப்பமில்லாமல் அவர் யாரிடமும் சாவி கொடுப்பதில்லை.

அங்கத்தினர்கள் கூடி விவாதிக்க:

1. உங்கள் பகுதியில் நின்றுகிடக்கும் வண்டி, தறி, பம்பு எவை? ஒவ்வொன்றிலும் முதலில் பார்க்க வேண்டிய ஆபத்தான பாகம் எது?

2. ஐவர் கூடி ஜீப் வாங்கினால், பொறுப்பாளரை எவ்வாறு தேர்ந்தெடுப்பீர்கள்? தேய்மான நிதிக்குக் கிலோமீட்டருக்கு எவ்வளவு விதிப்பீர்கள்?

3. பணம் பாதியே இருக்கும்போது எந்த வேலையை ஒத்திப் போடலாம், எதை ஒத்திப் போடலாகாது?