பாடம் கேட்கையில் குறிப்பெடுத்தல்

(பத்தாம் வகுப்பு மாணவி)

ஆசிரியை பாடம் நடத்தும்போது குறிப்பெடுப்பது நல்லதா? பேனாவை மூடி வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்பது நல்லதா? பொதுத்தேர்வை எதிர்நோக்கும் நாம் சிந்திக்க வேண்டிய வினா இது.

இதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. குடுமியான்மலையில் குடைவரைக் கோயிலை அடுத்த பாறையில், ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு இருக்கிறது. ருத்ராசாரியரின் மாணவரான ஓர் அரசர், மாணவர் நலனுக்காக இதைச் செய்தார் என்று அக்கல்வெட்டே கூறுகிறது. அவர் மகேந்திரவர்ம பல்லவன் என்பாரும் உளர், மறுப்பாரும் உளர். அதில் சுரங்கள் நான்கு நான்காக, ஏழு பகுதிகளாகப் பொறிக்கப்பட்டுள்ளன. விளக்கம் இல்லை. குருவிடம் பாடம் கேட்டவருக்கு அது போதும். கேளாத நமக்கோ புதிராகவே இருக்கிறது. ஆகவே, குறிப்பு கேட்டவருக்கே பேசும். கேட்பதற்கு அது துணையே அன்றி மாற்று அன்று.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், ஆசிரியர் சொல்வதை நன்கு கேட்டாலும் கால் பங்கு அறிவே வரும் என்கிறார். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கும், பிறருக்கு எடுத்துரைப்பதால் மீதி அரைப் பங்கும் வருமாம். கேட்டதைத் தோழிக்கு எடுத்துச் சொல்ல முற்படும்போது நமக்குக் கைகொடுப்பது குறிப்பேடு அல்லவா?

ஆனால் சொன்னதையெல்லாம் எழுதுவது குறிப்பாகாது. கை ஓடும், கருத்து நின்றுவிடும். 2014இல் மியூலர், ஓப்பன்ஹைமர் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டனர். கணினியில் குறித்தவர்கள் கேட்ட சொற்களையே மிகுதியாகப் பதிந்தனர். கையால் எழுதியவர்கள் கருத்து வினாக்களுக்கு மேலாக விடையளித்தனர். 2019இல் வேறு ஆய்வாளர்கள் மீண்டும் சோதித்தபோது அவ்வேறுபாடு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. எனவே, எதனால் எழுதுகிறோம் என்பதைவிட எப்படி எழுதுகிறோம் என்பதையே நாம் கவனிக்க வேண்டும்.

ஒளிச்சேர்க்கைப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். பத்து வரி எழுதுவதற்குப் பதிலாக, "உட்செல்வன: கரியமில வாயு, நீர். கிடைப்பன: குளுக்கோஸ், பிராணவாயு. வேண்டுவன: ஒளி, பச்சையம்" என்று குறித்தால் போதும். தாளின் ஓரத்தில் இடம் விட்டு, "இரவில் நடக்குமா?" என்பது போன்ற வினாக்களை அன்று மாலையே எழுத வேண்டும். பிறகு குறிப்பை மறைத்துக்கொண்டு விடை சொல்லிப் பார்க்க வேண்டும். திரும்பப் பாராத குறிப்பு, பூட்டிய பெட்டியில் கிடக்கும் நகை போன்றது.

நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தொட்டவர்கள். வீட்டில் விளக்கிச் சொல்ல ஆளில்லை; டியூஷனுக்குப் பணமும் இல்லை. கடையில் விற்கும் 'நோட்ஸ்' வேறொருவர் சிந்தித்தது. நாமே கேட்டு, நாமே எழுதிய குறிப்பேடு ஒன்றே இரவில் நம்மோடு இருக்கும் ஆசிரியை.

எனவே தோழியரே, முதலில் கேட்போம். பின்பு சுருக்கி எழுதுவோம். அன்றே திரும்பப் பார்ப்போம். பிறருக்கும் சொல்லிக் கொடுப்போம்!