மீனும் புழுவும் மனிதனும்

நீரிற் பிறழும் கெண்டை மீனைக் கண்டு மகிழாதார் இலர். வெள்ளிபோல் ஒளிரும் அதன் உடலினுள்ளே கண்ணுக்குப் புலனாகாத பகையொன்று உறைதல் கூடுமென யாவர் கருதுவர்? தெளிந்த ஆற்றிற் பிடித்த மீனாதலின் அது தூயதே என்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையுடைத்தென்பதைச் சீன ஈரற்புழு என்னும் ஒட்டுண்ணியின் வரலாற்றால் ஈண்டு விளக்கப் புகுகின்றேன்.

1874-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிற் சீனத் தச்சன் ஒருவன் இறந்தான். அவன் அகவை இருபதே. அஃதாவது, கல்லூரியிற் பயிலும் நம்மை ஒத்த இளைஞன். அவனுடலை அறுத்தாராய்ந்த மக்கானல் என்னும் மருத்துவர், கல்லீரலின் பித்தக் குழாய்களிற் சிறு தட்டைப் புழுக்கள் நிறைந்திருக்கக் கண்டு, 1875-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் அதனை விவரித்தெழுதினார். புழு கண்டாயிற்று, ஆயின் அஃது உடலுட் புகுந்த வழி யாது? இவ்வினாவிற்கு விடை காண நெடுங்காலம் சென்றது. 1910-ஐ ஒட்டி ஜப்பானிய அறிஞர் கோபயாஷி என்பார் நன்னீர் மீன்களின் தசையில் அதன் இளம்பருவத்தைக் கண்டார். 1918-இல் முத்தோ என்பார் நத்தையினிடத்து அதன் முற்பருவத்தைக் கண்டார். இங்ஙனம் நாற்பத்து நான்கு ஆண்டுகளில் சங்கிலியின் கண்ணிகள் ஒன்றோடொன்று பொருந்தின.

அச்சங்கிலி வருமாறு: மனிதன் உடலில் வாழும் புழு நாடோறும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். அவை பித்த நீரோடு குடலிற் சேர்ந்து, மலத்தோடு வெளிப்படும். மலம் குளத்திலோ ஆற்றிலோ கலப்பின், அங்குள்ள நத்தைகள் சில அம்முட்டைகளை விழுங்கும். நத்தையின் வயிற்றில் முட்டை பொரிந்து, பல நிலைகளிற் பெருகி, வாலுடைய நுண்புழுக்களாய் நீரில் வெளிவரும். இவை கெண்டை இனத்து மீன்களின் தோலைத் துளைத்துட்சென்று, வாலை இழந்து, தசையினுள் உறையொன்று அமைத்துக்கொண்டு காத்திருக்கும். அம்மீனைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ மனிதன் உண்பானாயின், உறை குடலிற் கரையும். உள்ளிருந்த புழு பித்தக் குழாயின் வழியே ஏறிச் சென்று, ஏறத்தாழ ஒரு திங்களில் முதிர்ச்சி எய்தும். நாயும் பூனையும் இவ்வாறே நோய்ப்படும்.

முதிர்ந்த புழு பெரும்பாலும் 10 முதல் 25 மில்லிமீட்டர் நீளமே உடையது. எனினும் இருபதாண்டுகளுக்கு மேலும் உயிர்வாழ வல்லது. சிலவே உள்ளபொழுது நோயாளி யாதொரு துன்பமும் உணரான். இதுவே இதன் கொடுமை. பல்கியவிடத்துப் பித்தக் குழாய் தடித்து, அழற்சியும் கல்லும் மஞ்சட்காமாலையும் தோன்றும்; ஆண்டுகள் பல கழிந்தபின் பித்தக் குழாயிற் புற்றுநோயும் விளைதல் கூடும். உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2009-இல் இப்புழுவினைப் புற்றுநோய்க் காரணங்களுள் ஒன்றாகத் துணிந்தது. தாய்லாந்தில் மிகுதியாயுள்ள இதன் இனப்புழுவொன்று 1994-இலேயே அவ்வாறு துணியப்பட்டது.

இந்நோய் புதியதன்று. சீனத்து ஹூபே மாகாணத்தில் கி. மு. 167-இல் அடக்கஞ்செய்யப்பட்டுக் கெடாதிருந்த உடலொன்றிலும் இதன் முட்டைகள் காணப்பட்டன. இன்றும் தென்சீனம், கொரியா, வட வியட்நாம், ருஷ்யாவின் கீழ்க்கோடி முதலிய இடங்களில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மக்கள் இதனாற் பீடிக்கப்பட்டுள்ளனர் என்று கணிக்கப்பட்டுள்ளது.

இதற்கு மருந்து இல்லையோ எனின், உண்டு. பிராசிகுவாண்டல் என்னும் மருந்து புழுவைக் கொல்லும். ஆயினும், நலமடைந்தவன் மீண்டும் பச்சை மீனை உண்பானாயின் மீண்டும் நோயுறுவான். மதுவும் காரமும் உடன் உண்ணின் புழு மடியும் என்பது வெற்றுரை. உப்பிலும் புளிப்பிலும் சிறிது பொழுது ஊறவைத்தலும் போதாது. மீனின் உட்பகுதியும் நன்கு வேகுமாறு சமைத்தலே எளிய காவல். மலம் நீர்நிலையிற் சேராதவாறு கழிப்பிடங்களை அமைத்தல் மற்றொரு காவல். குவாங்டோங் மாகாணத்தில் மீன்குளங்களின்மேற் கழிப்பிடம் அமைக்கும் வழக்கம் முன்னாளில் இருந்தது. மீனுக்கு உணவாகுமென்று செய்த அச்செயலே புழுவுக்கும் வழி திறந்தது.

பச்சை மீனை உண்பாரை அறிவிலிகள் என்று இகழ்தல் தகாது. மூதாதையர் வழிவந்த உணவு அது. விருந்தினர்க்கும் நண்பர்க்கும் அன்போடு இடும் உணவு. அவ்வன்பைக் குறைகூறாது அதனுள் மறைந்துள்ள தீங்கை மட்டும் எடுத்துக்காட்டலே கற்றோர் கடன்.

ஆராயுங்கால், மீன் இதிற் குற்றவாளி அன்று, நத்தையும் அன்று. மனிதன் நீரிற் கலந்ததே மீன்வழியாய் அவன் கலத்திற்கு மீள்கின்றது. தொடங்கிய இடமும் அவனே. முடியும் இடமும் அவனே. ஆதலின் சங்கிலியை அறுக்கும் ஆற்றலும் அவன் கையதே. கல்கத்தாவில் மாண்ட அவ்விளைஞன் பெயர்தானும் பலர்க்குத் தெரியாது. எனினும் அவன் உடல் கற்பித்த பாடத்தைக் கைக்கொண்டு, கொதிக்கும் கலத்தையும் தூய நீரையும் பேணுவோமாயின், அவன் இறப்பு வீண்போகாது.