கல்லில் நிலைக்கும் பெயர்

நுழையும்முன்

போரில் மறைந்த ஒருவரின் பெயரைக் காக்கும் கடமை யாருடையது? கல்வராயன் மலையை அடுத்த நடுகற்களும், இரண்டாம் உலகப்போரில் இரவு வானில் மறைந்த வானோடிகளின் நினைவுச் சின்னமும் இவ்வினாவிற்கு ஒரே விடையைத் தருகின்றன. அவ்விடையை அறிவோம்.

மலையடி நடுகற்கள்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கில் கல்வராயன் மலைத்தொடர் உயர்ந்து நிற்கிறது. அதற்கும் சவ்வாது மலைக்கும் இடையே அமைந்த செங்கம் பகுதியில் பல்லவர் கால நடுகற்கள் பல கண்டறியப்பட்டுள்ளன. ஆநிரை கவர்ந்த பூசலிலும் மீட்ட பூசலிலும் வீழ்ந்தவர்களுக்கு எடுக்கப்பட்டவை அவற்றுள் மிகுதி.

பகைவர் அறியாவண்ணம் சென்று ஆநிரை கவர்வதை வெட்சித்திணை என்கிறது தொல்காப்பியம். வீழ்ந்தவனுக்கு உரிய கல்லைத் தேர்வதில் தொடங்கி, நட்ட கல்லை வாழ்த்துவதில் முடியும் மரபும் அத்திணையிலேயே கூறப்படுகிறது. அரசனின் ஆட்சியாண்டு, மாண்டவனின் பெயர், அவன் மாண்ட நிகழ்வு ஆகியவற்றை நடுகல் உரைக்கும். அவன் அரசன் அல்லன், எளிய வீரன். எனினும், அவன் பெயர் கல்லில் நின்றது.

தெரியுமா?

எருமைகளைக் காக்கும் பூசலில் வீரனுடன் நின்று கள்வரைக் கடித்த 'கோவிவன்' என்னும் நாயின் பெயர் எடத்தனூர் நடுகல்லில் பொறிக்கப்பட்டுள்ளது.

சென்னை மாகாணப் படையணி

இரண்டாம் உலகப்போரின்போது கள்ளக்குறிச்சி, சென்னை மாகாணத்தின் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. மாகாணத்தின் போர் நிதியுதவியைப் போற்றும் வகையில், பிரித்தானிய வான்படையின் 99ஆம் குண்டுவீச்சுப் படையணி 'சென்னை மாகாணம்' என்னும் பெயரைத் தாங்கியது.

1939 டிசம்பர் 14 அன்று பகற்பொழுதில் செருமானியக் கடற்பகுதிக்குச் சென்ற இப்படையணியின் 12 வெலிங்டன் வானூர்திகளுள் 5 வீழ்ந்தன. ஆறாவது, திரும்பித் தரையிறங்கும்போது நொறுங்கியது. இத்தகைய இழப்புகளே குண்டுவீச்சுப் படையை இரவுத் தாக்குதலுக்குத் திருப்பின. 1942இல் இந்தியாவிற்கு வந்த 99ஆம் படையணி, பர்மாவிலிருந்த சப்பானிய நிலைகளைத் தாக்கியது.

ஒரு வெலிங்டனில் ஐவர் அல்லது அறுவர் பறப்பர். வானூர்தி ஓட்டுபவர், வழி கணிப்பவர், கம்பியில்லாத் தந்தி இயக்குபவர், துப்பாக்கி வீரர் என ஒருவர் உயிர் மற்றவர் கையில் இருந்தது. காட்டிலோ கடலிலோ இரவில் வீழ்ந்த வானூர்தியில் இருந்தோர் பலருக்குக் கல்லறை இல்லை. தென்கிழக்கு ஆசியப் போர்முனையில் அவ்வாறு மறைந்தோரின் பெயர்களைச் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவுச் சின்னம் தாங்குகிறது. 1957இல் திறக்கப்பட்ட அதில், தரைப்படையினரும் வான்படையினருமாக 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன.

பெயர் அற்றோர்

அதே போரில் பெயரின்றி மறைந்தோரும் உளர். 1942–43ஆம் ஆண்டுகளில் சப்பானியப் படை, 415 கிலோமீட்டர் நீளச் சயாம் – பர்மா இருப்புப்பாதையை அமைத்தது. அப்பணிக்கு மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் பசியாலும் நோயாலும் மாண்டனர். 99ஆம் படையணி உள்ளிட்ட நேசநாட்டுக் குண்டுவீச்சுப் படையணிகள் பின்னாளில் அப்பாதையைத் தாக்கின. பாதையமைப்பில் மாண்ட நேசநாட்டுப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் தனித்தனிக் கல்லறைகள் உள்ளன. தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலோர்க்கோ கல்லறையும் இல்லை. பெயர்ப் பட்டியலும் இல்லை.

எண்பது ஆண்டுகள் கழித்து, 2023இல், அத்தொழிலாளர்களுக்காகக் காஞ்சனபுரியில் ஒரு நினைவுக்கல் எழுப்பப்பட்டது. அதற்கு இடப்பட்ட பெயர் 'நடுகல்'.

நினைவுகூர்தல் போரைப் போற்றுவது அன்று. மாண்டவர் ஒவ்வொருவரும் பெயருடைய ஒரு மனிதர் என ஏற்பதாகும். வானில் மறைந்தவர்க்கும் மண்ணில் மாண்டவர்க்கும் அஃது உரியது. காவலுக்கு நின்ற நாயின் பெயரையும் கல்லில் எழுதிய மரபு, தன் மக்களின் பெயர்களைத் தேடாதிருத்தல் தகுமோ?

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள நடுகல் அல்லது போர் நினைவுச் சின்னம் ஒன்றைக் கண்டு, அதிலுள்ள பெயர்களையும் செய்திகளையும் தொகுக்க.
2. 'பெயர் பொறித்தலும் நீதியே' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.