எலுமிச்சையின் அண்டை அயலார்

கேள்வி: கொல்லையில் எலுமிச்சை மரம் இருக்கிறது. அதன் அருகே எந்தச் செடிகளை வைக்கலாம்? (வாசகி, மதுரை)

பதில்: கறிவேப்பிலையை மட்டும் வைத்துவிடாதீர்கள், அம்மணி! அது எலுமிச்சையின் தாயாதியாதலால், இலையைத் தின்னும் பச்சைப் புழுவும் சாற்றை உறிஞ்சும் பூச்சியும் இரண்டுக்கும் பொதுச் சொத்து. எலுமிச்சையின் உணவு வேர்கள் பெரும்பாலும் 2 அடி ஆழத்துக்குள்ளேயே விஸ்தாரமாகப் பரவுபவையாகையால், தோண்டி எடுக்கவேண்டிய கிழங்குகளையும் தாகம் தணியாத வாழையையும் விலக்கி, கிளைநிழலின் விளிம்புக்கு வெளியே தட்டைப்பயற்றை விதைத்து, காய் பறித்தபின் செடியைப் பிடுங்காமல் அறுத்து அங்கேயே மூடாக்காகப் பரப்பினால், அதன் வேர்முடிச்சுகளில் சேர்ந்த நைட்ரஜன் மரத்துக்குக் கிரமமாகச் சேரும். பக்கத்தில் கொத்துமல்லியைப் பூக்கவிடுங்கள். அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகள் அழையாமலே வரும். ரசத்துக்குத் தழை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.