ஒரு செமஸ்டர் அயல்நாட்டில்: மாணவர் முஸாபிரா, முகீமா?

கல்வி தேடி ஊர்விட்டு ஊர் போவது நம் சமுதாயத்திற்குப் புதிதல்ல. ஒரே ஒரு ஹதீஸைக் கேட்பதற்காக ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரு மாதத் தொலைவு பயணம் செய்து ஷாம் நாட்டுக்குச் சென்றார்கள். இன்று சேலம், நாமக்கல், திருச்செங்கோடு, இராசிபுரம் வட்டாரங்களில் பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகளில் சிலருக்கு, படிப்பின் ஒரு செமஸ்டரை அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் முடித்து வரும் வாய்ப்புக் கிட்டுகிறது. மகிழ வேண்டிய செய்தி.

அப்படிப் புறப்படுகிறவர்கள் துஆச் செய்யச் சொல்லி வரும்போது பெரும்பாலும் ஒன்றைக் கேட்கிறார்கள்: "ஹஜ்ரத், அஞ்சு மாசம்தானே இருந்துட்டு வரப் போறேன். அங்கே கஸ்ரு தொழுதால் போதுமல்லவா?" பெற்றோர்களும், "பயணத்தில் இருக்கிற பிள்ளைதானே, சலுகை உண்டே" என்கிறார்கள். இந்தக் கேள்விக்குச் சரியான விடை தெரியாமல் விமானம் ஏறினால் என்ன நேரும் என்பதைப் பார்ப்போம்.

பயணம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

ஹனஃபி மத்ஹபில் பயணத்தின் தூரம் 48 மைல், அதாவது ஏறத்தாழ 78 கிலோமீட்டர். சேலத்திலிருந்து நாமக்கல் போய் வருபவர் முஸாபிர் அல்லர். ஈரோடு போய் வருபவரும் அல்லர். திருச்சிக்கோ சென்னைக்கோ புறப்படுபவர், ஊர் எல்லையைத் தாண்டியதும் முஸாபிராகி விடுகிறார். அது முதல் ளுஹர், அஸர், இஷா ஆகிய மூன்றையும் இரண்டு ரக்அத்துகளாகத் தொழ வேண்டும். சுப்ஹிலும் மஃரிபிலும் வித்ரிலும் குறைப்பு இல்லை.

பயணம் இலக்கத்தால் மட்டும் முடிவதில்லை, நிய்யத்தாலும் முடிகிறது. ஓர் ஊரில் 15 நாட்களோ அதற்கு மேலோ தங்குவது என்று உறுதி கொண்டு அந்த ஊருக்குள் நுழைந்தவர், நுழைந்த அந்த நேரமே முகீம் ஆகிவிடுகிறார். பதினாறாம் நாள்தான் முகீம் ஆவார் என்று நினைப்பது தவறு. ஷாஃபிஈ மத்ஹபில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்கும் நிய்யத்தே போதும். ஆகவே இரு மத்ஹபுகளின்படியும் செமஸ்டர் படிக்கச் சென்றவர், தம் விடுதி உள்ள ஊரில் கால் வைத்த நாள் முதல் முகீமே.

"இப்னு உமர் (ரலி) அவர்கள் அதர்பைஜானில் ஆறு மாதங்கள் கஸ்ரு தொழுதார்களே?" என்று சிலர் கேட்பதுண்டு. உண்மைதான். ஆனால் அங்கே அவர்களைத் தடுத்து நிறுத்தியது பனி. இன்று வழி திறக்குமா, நாளை திறக்குமா என்று காத்திருந்தார்களே தவிர, தங்குவதாக நிய்யத் செய்யவில்லை. சேர்க்கைக் கடிதமும் விடுதி அறையும், திரும்பி வரும் தேதியிட்ட பயணச் சீட்டும் கையில் வைத்திருக்கும் மாணவரின் நிலை அதுவா?

450 தொழுகைகள்

முகீமாக இருப்பவர் ளுஹரை இரண்டு ரக்அத் தொழுதால் அந்த பர்ளு நிறைவேறாது. நான்கு ரக்அத்துகளாக அதை மீண்டும் தொழ வேண்டும். ஒரு செமஸ்டர் 150 நாட்கள் என்று வைத்துக் கொண்டால், நாளொன்றுக்கு மூன்று வீதம் 450 தொழுகைகள் களாவாகத் தலையில் நிற்கும். ஒரு வேளையும் விடாமல் தொழுத பிள்ளைக்கு இந்த நிலை வரலாமா? ஒரு மஸ்அலா தெரியாததால் வரும் இழப்பு இது. பெற்றோர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இடையில் சில நுட்பங்கள் உண்டு. ஜெர்மனியில் படிக்கச் செல்பவர் முதலில் பிராங்பர்ட்டில் இறங்கி, உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கிப் பின் பெர்லின் போனால், அந்த இரண்டு நாளும் முஸாபிரே, பெர்லினில்தான் முகீம். விடுமுறையில் 78 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊரைப் பார்க்கப் போனால் அந்தப் பயணத்தில் கஸ்ரு உண்டு. திரும்பி வந்து இன்னும் 15 நாட்கள் இருப்பதானால் மீண்டும் முழுத் தொழுகை. செமஸ்டரின் கடைசி நாட்களில் அப்படிப் போய் வந்தால் ஆலிமிடம் கேட்டு நடப்பதே பாதுகாப்பு. வழியில் தவறிய நான்கு ரக்அத் தொழுகைகளை, பின்னர் களாச் செய்யும்போதும் இரண்டாகவே தொழ வேண்டும். சொந்த ஊர் எல்லைக்குள் வந்துவிட்டாலோ, ஒரு நாளே தங்கினாலும் முகீம்தான்.

முகீம் என்றால் இன்னும் என்ன?

இந்த ஒரு நிய்யத்தைப் பின்தொடர்ந்து பல சட்டங்கள் வருகின்றன. முஸாபிருக்கு ஜும்ஆ கடமையில்லை, முகீமுக்குக் கடமை. அங்கே பல பாடங்களுக்கு நேரத்தை மாணவரே தேர்ந்து கொள்ள இடமிருப்பதால், முதல் வாரத்திலேயே வெள்ளி நண்பகலை ஒழித்து வைத்துக் கொள்க. ரமளானில் நோன்பைத் தள்ளி வைக்கும் சலுகையும் முகீமுக்கு இல்லை. 2027 முதல் சில ஆண்டுகள் ரமளான் பிப்ரவரி, ஜனவரி மாதங்களில் வருவதால், ஐரோப்பாவில் பகல் குறுகியது, நோன்பு எளிது.

குளிர் காலத்தில் பொதுக் குளியலறைத் தொட்டியில் கால் கழுவத் தயங்குகிறவர்கள் தோல் காலுறை அணிந்து மஸஹு செய்யலாம். முஸாபிருக்கு அதன் தவணை மூன்று இரவு பகல். முகீமுக்கு ஓர் இரவு பகல் மட்டுமே. முழுமையாக உளூச் செய்து அணிந்த பின், முதன்முதலில் உளூ முறிந்த நேரத்திலிருந்து அதைக் கணக்கிட வேண்டும்.

நேரமும் கிப்லாவும்

நம் சேலத்தில் மஃரிபு நேரம் ஆண்டு முழுவதும் ஒரு மணி நேரத்துக்குள்தான் முன்பின் ஆகும். பெர்லினில் டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைகிறது. ஜூனில் இரவு 9.30 மணிக்குத்தான் மறைகிறது. கோடையில் சில வாரங்கள் அந்தி வெளிச்சம் இரவு முழுவதும் முற்றாக நீங்குவதில்லை. இஷாவை எப்போது தொழுவது என்று தனியே குழம்ப வேண்டாம். அருகிலுள்ள பள்ளிவாசலின் அட்டவணையைப் பின்பற்றுக. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி மாற்றி வைக்கிறார்கள் என்பதையும் மறவாதீர்.

இங்கே நாம் மேற்கே, சற்று வடக்கு நோக்கிச் சாய்ந்து நிற்கிறோம். பழக்கத்தால் பெர்லினிலும் மேற்கே நின்றுவிடக் கூடாது. அங்கே கிப்லா தென்கிழக்கு. முயன்று ஆராய்ந்து ஒரு திசையில் தொழுதபின் தவறென்று தெரிந்தால் தொழுகை கூடிவிடும். ஆராயாமல் நின்று தவறியிருந்தால் மீட்டித் தொழ வேண்டும்.

சேர்க்கையும் உணவும்

1961-ல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு செய்த ஒப்பந்தத்தின்படி தொழிலாளர்கள் அங்கே சென்றார்கள். விருந்தாளித் தொழிலாளர்கள் என்றே அவர்களை அழைத்தார்கள். சில ஆண்டுகளில் திரும்பிவிடுவார்கள் என்பது எண்ணம். ஆனால் தங்கியவர்கள் பலர்; பள்ளிவாசல்களையும் ஹலால் கறிக்கடைகளையும் ஏற்படுத்திக் கொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல் ஹனஃபிகளே. மொழி தெரியாவிட்டாலும் ஸஃப்பில் நமக்கு ஓர் இடம் உண்டு. முதல் வாரமே அப்படியொரு பள்ளிவாசலைத் தேடிப் போய் ஸலாம் சொல்லுங்கள். தனிமையும் வீட்டு நினைவும் வாட்டும் நாட்களில் அந்த ஸஃப்பு பெரிய ஆறுதல்.

மென்ஸா எனப்படும் மாணவர் உணவகத்தில் 'ஷ்வைன்' என்றால் பன்றி, கேட்டு உண்க. பொதுச் சமையலறைப் பாத்திரத்தை நன்கு கழுவிப் பயன்படுத்தலாம். மாமிசத்தில் ஐயமிருந்தால் மரக்கறியும் மீனும் போதும். உடன் தங்கும் பிற மதத்து மாணவரிடம் இன்முகம் காட்டுக. விடியலில் எழுந்து தொழுவதை முதல் நாளே அவரிடம் சொல்லிவிட்டால் பின்னர் சங்கடமில்லை.

பெற்றோர்களே! பெட்டியில் ஊறுகாயும் பொடியும் வைக்கும்போது, இந்தச் சட்டங்களையும் மகன் மனத்தில் வைத்து அனுப்புங்கள். மாணவச் செல்வங்களே! அந்த நாட்டில் நீங்கள் விருந்தாளியாக இருக்கலாம். அல்லாஹ்வின் கடமைகளில் நீங்கள் முகீம். கல்வியும் ஈமானும் குறையாமல் நலமே திரும்பி வர வல்ல நாயன் அருள் புரிவானாக! ஆமீன்.